யேமன் கொலரா: கிருமியின் பைக்குள் இருந்தது என்ன?

2017 ஆம் ஆண்டு முடிவதற்குள் யேமனில் கொலரா எனச் சந்தேகிக்கப்பட்டவர்களின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது வந்த செய்திகள் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் சொல்லின. அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே எப்படி மாறியது என்பதெல்லாம் பின்னர்தான் விஞ்ஞான சஞ்சிகைகளில் வெளிவந்தன. நான் படித்தது ஊடகக்கற்கை, உயிரியல் அல்ல. ஆனாலும் தண்ணீரும் மலசலகூடமும் மருந்தும் ஒருமித்து இல்லாமற்போன நாட்களைக் கண்ட எங்கள் சனம் இந்த ஆய்வுகளை அறிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். 2005 இல் ஓர் ஆய்வுக்குழு, பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியாவின் 8 மாதிரிகளை ஒப்பிட்டது. ஒவ்வொன்றின் மரபணுக்களிலும் சுமார் 80 வீதம்தான் எட்டுக்கும் பொதுவாக இருந்தன. மிச்சம் மாதிரிக்கு மாதிரி வேறுபட்டது. ஒரே இனத்தின் எல்லா மாதிரிகளிலும் உள்ள மரபணுக்களைச் சேர்த்த முழுப் பட்டியலுக்குப் பெயர்தான் பான்-ஜீனோம்.

இடப்பெயர்வை நினைத்தால் இது விளங்கும். எல்லாக் குடும்பத்தின் பையிலும் அடையாள அட்டை இருந்தது. அதற்கு மேல் ஒருவரிடம் காணி உறுதி, இன்னொருவரிடம் பனடோல், வேறொருவரிடம் வழியில் யாரோ தந்த போர்வை. பக்டீரியாவின் பொது மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாக வருபவை. அவற்றில் சேர்ந்திருக்கும் சிறு மாற்றங்களை ஒப்பிட்டால் எது எதற்கு உறவு என்று தெரியும். மேலதிக மரபணுக்களில் பல, அயலிலுள்ள வேறு பக்டீரியாக்களிடமிருந்து கைமாறி வந்தவை.

யேமன் பற்றிய முதல் பெரிய ஆய்வு 2019 ஜனவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. 2016 இல் தொடங்கிய முதல் அலையும் 2017 இன் பேரலையும் ஒரே கிருமியால் வந்தவை என்றும், தெற்காசியாவில் தோன்றிய அந்த வழி கிழக்கு ஆபிரிக்கா ஊடாக யேமனை அடைந்தது என்றும் அது காட்டியது. அந்த நேரத்தில் வழமையான பல அன்டிபயோட்டிக்குகளுக்கு அக்கிருமி அடங்கியது.

2023 இல் வந்த இரண்டாவது ஆய்வுதான் என்னை அதிகம் உறுத்தியது. 2018, 2019 இல் எடுத்த மாதிரிகளில் இருந்ததும் அதே கிருமியின் வழிதான், ஆனால் பையில் புதிய சாமான் ஒன்று ஏறியிருந்தது. பிளாஸ்மிட் எனப்படும் மரபணு வளையம் அது. அசித்ரோமைசின் உட்படப் பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் அதில் இருந்தன. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கொடுக்கப்பட்டது அந்த வகை மருந்துதான். நோயலையோடு தொடர்பில்லாத, யேமனிலேயே இருந்த வேறு கொலரா வகைகளிலும் அதே பிளாஸ்மிட் காணப்பட்டது. கைமாற்றம் அந்த மண்ணிலேயே நடந்திருக்கலாம் என்பதும், மருந்துப் பாவனை அதை நிலைக்கவைத்திருக்கலாம் என்பதும் ஆய்வாளர்களின் கருத்து.

இதற்காக மருத்துவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஜீவனியும் சேலைனும் நேரத்துக்குக் கிடைத்தால் கொலராவில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. நீர்வழங்கல் சிதைந்து, சுகாதார ஊழியர்களுக்குச் சம்பளமும் ஒழுங்காகக் கிடைக்காத நாட்டில் கைக்கு எட்டிய மருந்தைத்தான் கொடுப்பார்கள். குண்டு போட்டவர் பெயரும் முற்றுகையிட்டவர் பெயரும் எந்த மரபணுவிலும் பதிவதில்லை.

பதிந்தாலும் என்ன? ஹெய்ட்டியில் 2010 இல் பரவிய கொலரா, நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையோடு வந்தது என்பதற்கு மரபணுவே வலுவான சான்றாக இருந்தது. ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016 இல். நட்டஈட்டு வழக்கை அமெரிக்க நீதிமன்றங்கள் ஐ.நா.வின் சட்ட விலக்கைக் காரணம்காட்டித் தள்ளிவிட்டன.

எங்கள் பக்கம் வருவோம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது, மாகாணத்துக்கு வெளியே அனுப்பிய மாதிரிகள் மூலம்தான் எலிக்காய்ச்சல் என்பது உறுதியானது. அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவில் பல இனங்கள் உண்டு. வடக்கில் பரவுவது எது, போன மாரியில் வந்ததுதான் இந்த மாரியிலும் வருகிறதா என்று கேட்டால், ஒரு வருட மாதிரியை வைத்துப் பதில் சொல்லமுடியாது. ஊரும் திகதியும் குறித்து, வருடாவருடம் சேகரித்துப் பாதுகாக்கவேண்டும். சனா நகரின் பொதுச் சுகாதார ஆய்வுகூடம் யுத்தத்துக்கு நடுவிலும் அப்படிச் சேகரித்து வைத்திருந்த மாதிரிகளை வைத்துத்தான் அந்த 2023 ஆய்வே நடந்தது.