ராசியா? பதிலி முறையா?

சென்ற ஞாயிறு நூம்பல் டீக்கடை வாசலில் ஒரு வாக்குவாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் நாலைந்து இளந்தோழர்கள், மட்டையும் பந்துமாக மைதானத்திலிருந்து வந்தவர்கள், பந்து வீச்சாளர் நடராஜனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்லாப் போடுற ஆளு தோழர். ராசி இல்லை, அவ்வளவுதான்" என்றார் ஒருவர்.

ராசியாம்! ஆலையில் ஆட்குறைப்பு நடந்தாலும் ராசி, மழை பொய்த்து நடவு இல்லாமற் போனாலும் ராசி. முதலாளிகளுக்குத்தான் எவ்வளவு சௌகரியமான சொல்!

நடந்த சேதியைப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் நடராஜன். தந்தை சேலைப் பட்டறையில் கூலித் தொழிலாளி. தாய் சாலையோரம் கடை போட்டவர். 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு அவரை அழைத்துப் போனது ஆடுவதற்கல்ல. வலைப் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போடுவதற்கு. அங்கே ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழ, ஆள் பற்றாமல் இவரை இறக்கினார்கள். 44 நாட்களுக்குள் மூன்று வகை ஆட்டத்திலும் ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட். தொடரை வென்று அணி திரும்பியது. ஊரே ரதத்தில் ஏற்றி வரவேற்றது. ஏப்ரலில் முழங்காலில் அறுவை. அந்த மார்ச்சுக்குப் பிறகு 2025 முடியும்வரை இந்தியச் சட்டை திரும்பி வரவில்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள் ஆட்டம், நான்கு இருபது ஓவர் ஆட்டம். கணக்கு முடிந்தது.

முழங்காலுக்கு வைத்தியம் நடந்தது, மறுக்கவில்லை. இடத்துக்கு?

மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் பதிலியைக் கூப்பிடுவான் மேஸ்திரி. பதிலி விழுந்தால் கேட்டில் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள்.

"ஐ.பி.எல்.லில் கோடி கோடியாய் வாங்கினாரே?" என்று ஒரு தோழர் மடக்கினார். வாங்கினார். 2025இல் 10.75 கோடிக்கு ஏலம் எடுத்து, இரண்டே ஆட்டத்தில்தான் இறக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தையில் மாட்டுக்கு நல்ல விலை கிடைத்தால் மாடு முதலாளி ஆகிவிடுமா?

இது ஒருவர் கதையுமல்ல. சென்னையின் வி.வி. குமார் 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தமது முதல் டெஸ்டிலேயே 64 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அந்த நவம்பரில் பம்பாயில் இரண்டாவது டெஸ்ட், விக்கெட் விழவில்லை. அதோடு சரி. அப்போது வயது 26. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் மாநிலத்துக்காக உழைத்தார். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 599 விக்கெட்! அரியானாவின் ராஜீந்தர் கோயல் ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவர் காலத்தில் பேடி இருந்தார். பேடி மகத்தான வீரர், அதில் தகராறில்லை. மேலே இடம் பதினொன்றுதான், அதுவும் தெரியும். நாம் கேட்பது, அந்தப் பதினொன்றுக்குக் கீழே நிற்பவனுக்கு என்ன ஜீவனம் என்பதுதான்.

ரஞ்சியில் நாள் கூலி முறை. 2021 முதல் நாளுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய்வரை. பெரிய தொகைதான். ஆனால் பதினொருவரில் இருந்தால்தான் முழுக்கூலி. பெஞ்சில் உட்கார்ந்தால் பாதி. அணியில் இல்லையானால் தம்படி கிடையாது. சீசனில் சில வார வேலை. அறுவடைக்குக் கூப்பிட்டு, களம் கூட்டியதும் அனுப்பிவிடுகிற பண்ணையார் முறை!

கொரோனா காலத்தில் சாயம் வெளுத்தது. 2020இல் ஐ.பி.எல். விமானமேறித் துபாய், அபுதாபி, ஷார்ஜா போய் நடந்தது. 1934இல் தொடங்கிய ரஞ்சிப் போட்டியோ முதல் தடவையாக ரத்தானது. லாபம் தரும் ஆட்டத்துக்கு வழி பிறந்தது. கூலி தரும் ஆட்டத்துக்குக் கதவடைப்பு. நஷ்ட ஈடாகப் பாதிக்கூலி தருவதாக அறிவிப்பு வர 2021 செப்டம்பர் ஆயிற்று. மறு ஆண்டே ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை ஐந்தாண்டுக்கு 48,390 கோடிக்கு விற்றார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு பந்தாட்டம். மேலே பெரிய லீக், கீழே மைனர் லீக். கீழே வருஷக்கணக்கில் உழைத்து, மேலே சில நாள் ஆடித் திரும்பியவர்கள் ஏராளம். அந்தக் கீழ்த்தட்டு ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே பொருந்தாது என்று 2018இல் அந்நாட்டு காங்கிரஸ் சட்டம் போட்டது. 2022இல் அவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தத்தில் அடிமட்டத்தில் இருந்தவனின் ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆயிற்று. ராசி மாறியதாலா?

இங்கே? 2019இல் கிரிக்கெட் வாரியத்தின் அங்கீகாரத்தோடு ஆட்டக்காரர் சங்கம் ஒன்று வந்தது. யாருக்கு? ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்! வேலையைவிட்டு நின்ற பிறகே சங்கத்தில் சேரலாம் என்று ஒரு மில் முதலாளி நோட்டீஸ் ஒட்டியிருந்தால், மறுநாள் காலை கேட்டில் என்ன நடந்திருக்கும்?

ஆண்டு முழுவதும் சம்பளம், காயம்பட்டால் கூலியோடு விடுப்பு, ஆடும்போதே சங்கம் என்று நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ராசி என்று சொன்ன அதே இளைஞர் குறுக்கிட்டார்: "தோழர், இதெல்லாம் எங்களுக்கே எஸ்டேட்டில் கிடையாதே!"

புதன்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து அதே டீக்கடையில் கூடுவதாக முடிவாயிற்று. பக்கத்துக் கம்பெனிக் காண்ட்ராக்ட் தோழர்களையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.