கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கிறோமா?

- மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்



ஒரு எம்.சி.பி.யைக் கையில் கொடுத்து, "இதோட ரேட்டிங் என்னப்பா?" என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் பட்டென்று, "சி 32 சார்" என்று சொல்லிவிடுவோம். தப்பில்லை. ஆனால் அதே முகப்பில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் 6000 அல்லது 10000 என்று ஓர் எண் இருக்கிறதே, அதை எத்தனை பேர் படிக்கிறோம்?

32 என்பது அந்த பிரேக்கர் தொடர்ந்து தாங்கும் கரண்ட். கட்டத்துக்குள் இருப்பது, ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது அது வெடிக்காமல் துண்டிக்கக்கூடிய உச்ச கரண்ட். அதைத் தாண்டிய கரண்ட் வந்தால் பிரேக்கரே நெருப்புக்குக் காரணமாகிவிடலாம். சீரிஸ் ரேட்டிங் என்ற விஷயம் தொடங்குவது இந்த எண்ணில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம்ம கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல், மே வந்தால் சீசன் கூட்டம். அறைக்கு அறை கீசர், ஹீட்டர். லோடு ஏற ஏறப் பெரிய லாட்ஜ்களில் டிரான்ஸ்ஃபார்மரும் பெரிதாகிறது. 250 கே.வி.ஏ., 433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு கரண்ட் சுமார் 333 ஆம்பியர். இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்றால், அதன் டெர்மினலில் ஷார்ட் ஆனால் பாய்வது 333-ஐ 0.045-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய 7,400 ஆம்பியர். 10000 போட்ட எம்.சி.பி. தாங்கும். அதே இம்பிடன்ஸில் 500 கே.வி.ஏ. வைத்தால்? 14,800 ஆம்பியர்! டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியாயிற்று, சுவரில் இருக்கும் பழைய எம்.சி.பி. பெட்டியை யார் மாற்றினார்கள்?

பயப்படவும் வேண்டாம். கேபிளின் நீளம் இந்தக் கரண்டை வெகுவாகக் குறைக்கும். அதே 500 கே.வி.ஏ.வில் இருந்து 35 சதுர மி.மீ. அலுமினிய கேபிளில் 30 மீட்டர் தள்ளிப் போனால் சுமார் 7,000 ஆம்பியர்தான் வரும். அங்கே 10000 எம்.சி.பி.க்கு யார் துணையும் வேண்டாம். சிக்கல் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேனல்களில்தான்.

இங்கேதான் கடைக்காரர் சொல்வார்: "மேலே எச்.ஆர்.சி. பியூஸ் போட்டிருக்கு தம்பி, 80 கே.ஏ.! கீழே எது இருந்தா என்ன?"

இந்த இடத்தில் நாம் ஏமாறக்கூடாது. 80 கே.ஏ. என்பது அந்த பியூஸ் தன் வேலையைப் பத்திரமாக முடித்துக்கொள்ளும் திறன். கீழே இருக்கும் எம்.சி.பி.யையும் சேர்த்துக் காப்பாற்றுவேன் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. 63 ஆம்பியர் எச்.ஆர்.சி. பியூஸ் பெரிய ஷார்ட்டில் கால் சைக்கிளுக்குள், அதாவது 5 மில்லி செகண்டுக்குள் உருகி, கரண்டை உச்சிக்குப் போகவிடாமல் வெட்டிவிடும். 400 ஆம்பியர் பியூஸ் அதே கரண்டுக்கு அத்தனை சீக்கிரம் உருகாது. இரண்டிலும் 80 என்றுதான் எழுதியிருக்கும்!

மேலே உள்ள பியூஸோ பிரேக்கரோ உதவிக்கு வர, கீழே உள்ள பிரேக்கர் தன் சொந்தத் திறனுக்கு மேற்பட்ட ஷார்ட்டையும் சமாளிக்கும் என்று ஜோடியாகச் சோதித்துச் சொல்வதுதான் சீரிஸ் ரேட்டிங். பேக்-அப் பாதுகாப்பு, கேஸ்கேடிங் என்றும் சொல்வார்கள். இது ஏமாற்று வேலை அல்ல. ஐ.இ.சி. 60947-2 தரத்தின் ஏ இணைப்பே இதைப் பற்றியதுதான்.

"பியூஸோட கர்வ் இருக்கே, அதில் கோடு போட்டுக் கண்டுபிடிக்கலாமே?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். அந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. இன்றைய எம்.சி.பி. வேகமானது. பியூஸ் உருகுவதற்கு முன்பே அதன் கான்டாக்ட் பிரிய ஆரம்பித்துவிடும். பிரிந்த இடத்தில் ஆர்க். அந்த ஆர்க்கும் சர்க்யூட்டில் ஒரு தடை. அதனால் கரண்ட் குறைகிறது, பியூஸ் உருகுவது தாமதமாகிறது, ஆர்க்கின் சூட்டை எம்.சி.பி.யே அதிக நேரம் சுமக்கிறது. கர்வ் போட்டபோது இந்த எம்.சி.பி. அங்கே இல்லையே! ஆகவே இரண்டையும் சேர்த்து வைத்துச் சோதித்த கம்பெனியின் டேபிள்தான் பேச வேண்டும். நம் பென்சில் அல்ல. அந்த டேபிளும் குறிப்பிட்ட மாடலுக்கும் குறிப்பிட்ட ஆம்பியருக்கும் மட்டுமே. மேலே ஒரு கம்பெனி, கீழே வேறு கம்பெனி என்றால் அந்த டேபிள் பொருந்தாது.

நம் மலைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பியூஸ், பிரேக்கர் பற்றிய ஐ.இ.சி. தரங்கள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் வரையிலான உயரத்தைத்தான் சாதாரண நிலை என்று எடுத்துக்கொள்கின்றன. கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர். 1899-இல் தொடங்கிய வானாய்வகம் நிற்பது 2,343 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். காற்று மெலிந்தால் குளிர்விப்பதும் குறையும், காற்றின் இன்சுலேஷன் வலுவும் குறையும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் கொடைக்கானலில் வேலை செய்கிறவர், "இந்த உயரத்துக்கும் உங்கள் டேபிள் பொருந்துமா?" என்று கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கியே தீர வேண்டும் என்பது என் கருத்து.

சீரிஸ் ரேட்டிங்கில் லாபம் இருக்கிறது, விலையும் இருக்கிறது. பெரிய ஷார்ட்டில் கீழே உள்ளதோடு மேலே உள்ளதும் சேர்ந்து திறக்கும். பன்னிரண்டாம் அறைக்குப் போகும் லைனில் கோளாறு என்றால் லாட்ஜ் முழுக்க இருட்டு. லாட்ஜ் என்றால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி என்றால்?

அமெரிக்க மின் விதித் தொகுப்பு இதில் இரண்டு நல்ல கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. ஒன்று, இது சீரிஸ் ரேட்டிங் உள்ள அமைப்பு, மாற்றும்போது குறிப்பிட்ட உதிரியையே போட வேண்டும் என்று எச்சரிக்கை லேபிள் ஒட்ட வேண்டும். இரண்டு, மேல் கருவிக்கும் கீழ் கருவிக்கும் நடுவே இணைந்த மோட்டார்களின் மொத்த முழு லோடு கரண்ட், கீழ் பிரேக்கரின் துண்டிப்புத் திறனில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 10000 எம்.சி.பி. என்றால் 100 ஆம்பியர். காரணம் என்ன? ஷார்ட் ஆன நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரும் ஜெனரேட்டர் மாதிரி கரண்டைத் திருப்பித் தள்ளும். அந்தக் கரண்ட் மேலே உள்ள பியூஸ் வழியாகப் போகாது. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்!

என் முடிவு இதுதான். புதிய கட்டடத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகிலுள்ள பேனலுக்கு, தனித்து நின்றே ஷார்ட்டைத் தாங்கும் பிரேக்கரைப் போடுங்கள். கொஞ்சம் காசு கூடும், கூடட்டும். பழைய கட்டடத்தில் வேறு வழியில்லை என்றால் மட்டும் சீரிஸ் ரேட்டிங். அதிலும் டேபிளின் நகல் பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும். ஏனென்றால், பியூஸ் போன ராத்திரியில் கம்பி சுற்றி ஓட்டுகிற கைகள் நம் ஊரில் நிறைய. அந்தக் கம்பி சுற்றிய நிமிஷமே ஜோடி உடைந்தது. கீழே உள்ள எம்.சி.பி. அநாதை!

நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழ் வாங்கி, நிறைவு அறிக்கைகளில் கையெழுத்துப் போடப் போகிறோம். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கே.வி.ஏ., கேபிள் எத்தனை மீட்டர், கட்டத்துக்குள் எந்த எண், ஜோடிக்கு டேபிள் எங்கே? இந்த நாலு கேள்விக்கும் பதில் கையில் இல்லாமல் பேனாவைத் திறக்காதீர்கள், தோழர்களே!