கூப்பிட்டால் ஓடி வருபவனுக்கும் கூலி உண்டு



பல வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மதியம், குயிலாப்பாளையத்தில் ஒரு கூரை வீடு தீப்பிடித்தது. வெளியூரிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் கூரை எரிந்து விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டைக் காப்பாற்றியது என் பழைய மாணவர்கள் நாலு பேர். அந்த வீட்டுக் கீற்றைப் பிடுங்கி எறிந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவனுக்குக் கை வெந்து, பத்து நாள் கொத்தனார் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தக் கூலியை யார் தந்தார்கள்? (நான் நீட்டிய 200 ரூபாயை அவன் வாங்கவில்லை.)

அமெரிக்காவில் பல சிற்றூர்களில் கடைக்காரர், மெக்கானிக் என வேறு வேலை பார்ப்பவர்களே தீயணைப்பு வீரர்கள். முறையான பயிற்சி உண்டு. அழைப்பு வந்ததும் நிலையத்துக்கு ஓடுவார்கள். உழைத்த நேரத்துக்குச் சம்பளம். நமக்கும் இது புதிதல்ல. ஊர்க்காவல் படையினர் பணிக்கு அழைத்த நாளுக்குப் படி வாங்குகிறார்களே! அதேபோல ஊருக்குப் பத்துப் பேருக்குப் பயிற்சி, தலைக்கவசம், காப்பீடு, அழைப்புக்கு இவ்வளவு என்று படி கொடுத்தால் என்ன?

“சேவைக்குக் காசா சார்?” என்று கேட்பீர்கள். தினக்கூலிக்காரனிடம் இலவசச் சேவை எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதலில் 101க்குத்தான் போன் செய்ய வேண்டும், அதில் மாற்றமில்லை. வண்டி வந்து சேரும்வரை உள்ள நேரத்துக்குத்தான் ஆள் கேட்கிறேன். ஊராட்சிப் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பேசுங்கள். நானும் வந்து உட்காருகிறேன்.