இருபத்தாறாவது சீட்டை விற்றவன் யார்?

வெளியூர், வெளிநாடு போகிறவர்களுக்குப் பாதுகாப்பு யோசனை சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. நகையைப் பெட்டகத்தில் வை. கதவுத் துளையில் பார்த்துவிட்டுத் திற. அறை எண்ணை யாரிடமும் சொல்லாதே. நல்ல யோசனைகள்தான், பெட்டகமும் துளையும் உள்ள அறையில் தங்குகிறவர்களுக்கு!

நாம் எங்கே தங்குகிறோம்? கப்பலின் அடித்தட்டில், பங்க் வகுப்பில், மூன்று நாள். கப்பல் தள்ளிப்போனால் சென்னைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் நாள் வாடகை அறை. ஒரு மின்விசிறிக்கு எட்டுப் பேர். தீவில் இறங்கினால் காண்டிராக்டர் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகை. இந்த மூன்று இடத்திலும் நம் உயிருக்குப் பொறுப்பு யார் என்று கேட்கிறோம். "ஜாக்கிரதையாக இரு" என்பது இதற்குப் பதில் ஆகாது.

2014 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று, போர்ட் பிளேருக்கு எதிரே ராஸ் தீவுப் பக்கம் 'அக்வா மரீன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்ததை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்நாட்டினர்; காஞ்சிபுரத்திலிருந்து குழுவாக வந்தவர்கள். அந்தப் படகுக்கு அனுமதி 25 பேருக்கு. ஏற்றப்பட்டவர்களோ நாற்பதுக்கும் மேலே!

"ஏன் ஏறினார்கள்?" என்று அப்போது நம்மிலேயே சிலர் கேட்டார்கள். ஏறாமல் என்ன செய்வார்கள்? குழுவாக வந்தவர்கள் முன்பணம் கட்டியவர்கள்; எந்த நேரத்துக்கு எந்தப் படகு என்பதைத் தீர்மானிப்பவர் வேறு ஆள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படித்துறையில் நிற்கிற தாய், அனுமதிப் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டா காலை எடுத்து வைப்பாள்? 25 பேருக்கான படகில் 25 பேருக்கு உயிர்காப்புச் சட்டை இருந்தாலும் மீதிப் பேருக்கு எது? இருபத்தாறாவது சீட்டை விற்றவன் ஒருவன் இருந்தான். தலையை எண்ணாமல் படகை நகரவிட்டவன் ஒருவன் இருந்தான். கேள்வி அவர்களிடம் போகாமல் செத்தவர்களிடம் போனதே, அதுதான் எங்கள் கோபம்.

அவர்களாவது சுற்றுலா வந்தவர்கள். பத்திரிகையில் செய்தி வந்தது. கூலிக்குப் போகிறவன் கதையைப் பாருங்கள். 2024 ஜூன் 12, குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் விடியற்காலையில் தீப்பிடித்தது. மாண்டவர்கள் ஐம்பது பேரளவு. அவர்களில் நாற்பத்தைந்துக்குக் குறையாதவர்கள் இந்தியர். தமிழ்நாட்டினர் 7 பேர். தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொன்றது. அறைகளைத் தடுக்கப் போட்டிருந்த பொருளே பற்றிக்கொண்டது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. பூட்டியது தொழிலாளியா? ஒரு தளத்தைப் பத்து அறையாக்கி அடைத்தால் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டது தொழிலாளியா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருந்தது. 1979-ல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் இடம்பெயர்வுப் படி, போகவரக் கட்டணம், பயண நாட்களுக்குச் சம்பளம், தகுந்த தங்குமிடம் எல்லாம் காண்டிராக்டரே தரவேண்டும் என்றது. எத்தனை பேர் கையில் வாங்கினோம் என்பது வேறு கதை! இப்போது அதை 2020-ன் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் கரைத்துவிட்டார்கள். போகவரக் கட்டணம் மிஞ்சியது. இடம்பெயர்வுப் படி காணாமல் போயிற்று. ஐந்து பேரை வைத்திருந்தாலே சட்டம் பிடிக்கும் என்றிருந்தது, பத்துப் பேர் என்று ஆயிற்று. ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளக் காண்டிராக்டருக்குத் தெரியாதா?

ஆகவே சங்கத்தின் சார்பில் கேட்கிறோம். ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் எத்தனை பேருக்கு அனுமதி என்பதைத் தமிழ், இந்தி, வங்காள எழுத்தில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். படித்துறையில் தலையெண்ணி, எண்ணியவர் கையெழுத்திட வேண்டும். தொழிலாளர் தங்கும் ஒவ்வொரு கொட்டகைக்கும் உள்ளிருந்து திறக்கும் இரண்டாவது வாசல் வேண்டும். அதைத் தொழிலாளர் துறை நேரில் வந்து பார்க்க வேண்டும். இதற்கு என்ன பெரிய செலவு? ஒரு டப்பா பெயின்ட், ஒரு கதவு!

அதுவரை நாமும் சும்மா இருக்கப் போவதில்லை. கப்பலில் ஏறிய அன்றே பங்கிலிருந்து மேல்தட்டுக்குப் போகும் படிக்கட்டைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். விளக்கு அணைந்தால் எத்தனை எட்டு என்று எண்ணி வையுங்கள். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, எப்படிக் கட்டுவது என்று கப்பல் ஊழியரைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. லாட்ஜிலும் அப்படியே, முதலில் படிக்கட்டு, பிறகுதான் குளியல். புகை வந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டித் தரையோடு தவழ்ந்து வெளியேறுங்கள், லிஃப்ட் பக்கம் போகாதீர்கள். ஆதார் அசலை மேஸ்திரியிடம் ஒப்படைக்காதீர்கள். நகல் கொடுத்தால் போதும்.

கடலோரக் கொட்டகையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது; நிக்கோபார் தீவுகளில் அலை வர அரைமணி நேரம்கூட ஆகவில்லை. 1964 ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட நம் மக்கள் வாழ்ந்த கச்சால் தீவு அன்று மிகக் கடுமையாக அடிபட்டது. ஆகவே நிலநடுக்கம் நீண்டு நிற்க முடியாதபடி ஆட்டினால் சங்கு ஊதும் வரை காத்திராதீர்கள், மூட்டையைத் தேடாதீர்கள், பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேடு எந்தப் பக்கம் என்று கேட்டு வையுங்கள்.

படகில் ஆள் மிகுந்தால் ஒருவர் மட்டும் இறங்கினால் கேலி செய்வார்கள். பத்துப் பேராக இறங்குங்கள். இறங்கிய படகின் பெயர், தேதி, நேரம், துறை நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். துறைமுக அதிகாரியிடம் அந்தத் தாளோடு நாங்கள் போகிறோம்.