எதிராளியின் வகுப்பில்

'மூலதனம்' மூன்றாம் தொகுதியை எங்கெல்ஸ் 1894இல் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் ஆஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க்கின் மறுப்பு வந்தது. பண்டங்கள் அவற்றில் அடங்கிய உழைப்பின் அளவுப்படி பரிமாறப்படுகின்றன என்கிறது முதல் தொகுதி. அப்படிப் பரிமாறப்படுவதில்லை என்கிறது மூன்றாவது. இரண்டில் எதை ஏற்பது என்று கேட்டார் அவர்.

மார்க்சின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐந்து துறைகள், ஒவ்வொன்றிலும் 100 மூலதனம். ஒரு துறையில் இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் 60, கூலிக்கு 40. இன்னொன்றில் 95, கூலிக்கு வெறும் 5. கூலி எவ்வளவோ அவ்வளவே உபரி மதிப்பு என்றால் முதல் துறைக்கு 40 கிடைக்கும், மற்றதற்கு 5. ஐந்தோடு எந்த முதலாளி அடங்கியிருப்பார்? லாபம் கூடுதலாக உள்ள பக்கம் மூலதனம் நகரும். கடைசியில் ஐந்து துறைகளின் மொத்த உபரியான 110, மொத்த மூலதனமான 500இன் மேல் பரவி, எல்லோருக்கும் 22 சதவீத லாபம் என்றாகிறது. விலை மதிப்பிலிருந்து விலகிவிடுகிறது. மார்க்ஸ் இதை மறைக்கவில்லை. முதல் தொகுதி அச்சேறிய 1867க்கு முன்பே இந்தப் பகுதியை எழுதிவைத்திருந்தார். விலகல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்த விலையும் மொத்த மதிப்பும் சமமாக நிற்கும் என்பது அவர் பதில்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. விற்கும் பண்டத்துக்குப் புதிய விலை போட்ட மார்க்ஸ், அதைச் செய்ய வாங்கிய இயந்திரத்தையும் பஞ்சையும் பழைய மதிப்பிலேயே விட்டுவிட்டார். 1907இல் பொருளியலாளர் போர்ட்கீவிச் இதைத் திருத்திப் போட்டார். திருத்திய பிறகு மொத்த விலை மொத்த மதிப்புக்குச் சமம், மொத்த லாபம் மொத்த உபரிக்குச் சமம் என்ற இரண்டும் பொதுவாக ஒருசேர நிற்பதில்லை.

விலையைக் கணிக்கும் கருவியாக உழைப்பு மதிப்புக் கோட்பாட்டை இனியும் தூக்கிப் பிடிக்க முடியாது என்றே இவ்விதழ் கருதுகிறது. உற்பத்தியில் என்னென்ன எவ்வளவு செலவாகிறது, கூலி எவ்வளவு என்பது தெரிந்தால் விலைகளும் லாப விகிதமும் கிடைத்துவிடும் என்று 1960இல் பொருளியலாளர் ஸ்ராஃபா காட்டிவிட்டார். ஆனால் அவருடைய சமன்பாடுகளிலும் கூலி ஏறினால் லாப விகிதம் இறங்குகிறது. வேலைநாளில் எத்தனை மணி உழைப்பவருக்கு, எத்தனை மணி மற்றவருக்கு என்ற மார்க்சின் கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது. கூலியும் லாபமும் அவரவர் பங்களிப்புக்குக் கிடைத்த ஈடு என்று சொல்லும் விளிம்புநிலைப் பொருளியல்தான் அந்தக் கேள்வியையே எடுத்துவிடுகிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை.

போம்-பாவெர்க்குக்கு 1904இல் பதில் எழுதியவர் மார்க்சியரான ஹில்ஃபர்டிங். மதிப்பு என்பது தனிப் பண்டத்தின் விலைச்சீட்டு அல்ல, மனிதர்களுக்கிடையிலான உழைப்பு உறவு என்று வாதிட்ட இளைஞர். மறு ஆண்டே வியன்னாவில் அதே போம்-பாவெர்க்கின் கருத்தரங்க வகுப்பில் போய் உட்கார்ந்தார். இன்னொரு மார்க்சியர் ஓட்டோ பவர் அவர் பக்கம். பின்னாளில் பெயர்பெற்ற பொருளியலாளர்களான ஷும்பீட்டரும் மீசெஸும் அதே அறையில். சில ஆண்டுகள் கழித்து ரஷ்யப் புரட்சியாளர் புகாரினும் அந்தப் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்க வந்தார். இந்த மார்க்சியர்கள் மறுப்பதற்காகவே வந்தார்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டு மறுத்தார்கள். கேட்டு மறுக்கும் அந்தப் பழக்கம் நிலைக்கவில்லை: மார்க்சின் மதிப்புக் கோட்பாட்டை இன்னும் ஆழமாக வாசித்த பொருளியலாளர் ரூபினை சோவியத் அரசு 1930இல் கைது செய்தது, 1937இல் சுட்டுக்கொன்றது. அவருடைய நூல் ஆங்கிலத்துக்கு வர 1972 ஆயிற்று.

நம் படிப்பு வட்டங்களில் மதிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் தொகுதியின் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் தொகுதியிலிருந்து கேள்வி கேட்கும் இளைஞரை 'முதலாளித்துவப் பொருளியல் பேசுகிறார்' என்று வாயடைக்கிறோம். தோழர்களே, அவர் கேட்பது மார்க்சே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி.

அடுத்த இதழிலிருந்து இந்த விவாதத்துக்குப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். முதலில் போம்-பாவெர்க்கின் வாதம், சுருக்காமல். அதற்கடுத்து ஹில்ஃபர்டிங்கின் பதில். எங்கள் நிலைப்பாட்டை மறுத்து எழுத விரும்புவோர் கணக்கோடு எழுதுங்கள். நீளம் பாராமல் வெளியிடுவோம்.