ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி

நம் சங்கம் பொங்கலை ஒட்டி நடத்தும் போட்டிகளில் புகைப்படப் போட்டிக்குத் தனிச் சிறப்பு உண்டு என்பது என் கருத்து. கட்டுரைப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் குறள் ஒப்பித்தலிலும் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைகள்தாம் முன்னால் நிற்பார்கள். அது இயல்பே. ஆனால் நாக்பூரிலேயே பிறந்து, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் படித்து, தமிழைப் பேச்சோடு நிறுத்திக்கொண்ட பிள்ளைக்கு அந்த மேடைகளில் இடம் குறைவு. புகைப்படப் போட்டியில் அந்த வேறுபாடு கிடையாது. பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

அப்படிப்பட்ட போட்டி முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? மூன்று பேருக்குப் பரிசு, இரண்டு பேருக்கு ஆறுதல் பரிசு. மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. அதே படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாவற்றுக்கும் "சூப்பர்", "அருமை", இரண்டு கைகூப்பல். மௌனமும் சரி, இந்தப் பாராட்டும் சரி, படம் எடுத்தவருக்கு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. தன் படம் ஏன் தேறவில்லை என்று தெரியாத பிள்ளை அடுத்த ஆண்டு எந்த ஆசையில் படம் அனுப்பும்? போட்டிக்கு வராத பிள்ளை மெல்ல விழாவுக்கும் வராமல் போய்விடும். வெளி மாநிலத்தில் சங்கம் நடத்தும் நமக்கு இது சிறிய நஷ்டம் அல்ல.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறேன். போட்டிக்கு வரும் ஒவ்வொரு படத்துக்கும் நடுவர்கள் மூன்று வரி எழுதித் தரவேண்டும். பார்த்தவரின் கண் முதலில் எங்கே போயிற்று என்பது முதல் வரி. படத்தில் நன்றாக அமைந்தது எது, அது ஏன் நன்றாக இருக்கிறது என்பது இரண்டாவது வரி. அடுத்த முறை செய்து பார்க்க வேண்டிய ஒரே ஒரு காரியம் மூன்றாவது வரி.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டிராலியில் போய் லைனைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் "லைன் சரியில்லை" என்று மட்டும் எழுதிவிட்டுத் திரும்ப முடியாது. எந்தக் கிலோமீட்டரில், எந்தத் தண்டவாளத்தில், என்ன குறை, எத்தனை மில்லிமீட்டர், என்ன செய்யவேண்டும் என்று எழுதவேண்டும். அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் கேங் நேராக அந்த இடத்துக்குப் போய் வேலையை முடிக்க முடிந்தால்தான் அது குறிப்பு. படத்தைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். அதைப் படித்தவர் மறுபடி கேமராவை எடுத்துக்கொண்டு போய் எதையாவது மாற்றிச் செய்ய முடிகிறதா என்று பார்க்கவேண்டும்.

சில உதாரணங்களைப் பார்ப்போம். நம் விழாக்களில் பரதநாட்டியப் படங்கள் நிறைய எடுக்கப்படுகின்றன. "படம் தெளிவாக இல்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. மேடைத் தூண், திரை, குத்துவிளக்கு எல்லாமே கலங்கலாக இருந்தால் படம் எடுத்தவரின் கை ஆடியிருக்கிறது என்று பொருள். முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, சுவரிலோ தூணிலோ சாய்ந்து எடுத்தால் சரியாகிவிடும். தூணும் திரையும் தெளிவாக இருந்து, ஆடுபவரின் கையும் காலும் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. அதை 1/250 விநாடிக்கு உயர்த்திப் பார்க்கச் சொல்லலாம். வெளிச்சம் அதற்குப் போதாவிட்டால், அடவு முடிந்து ஆடுபவர் அசையாமல் நிற்கும் அந்த நொடிக்குக் காத்திருக்கச் சொல்லலாம். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு குறைகளுக்கும் மருந்து வேறு வேறு.

நடுவர் இதை ஊகித்துச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. செல்போனில் எடுத்த படமானாலும் ஷட்டர் வேகம் போன்ற விவரங்கள் அந்த ஃபைலுக்குள்ளேயே பொதுவாகப் பதிவாகியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், இந்த விவரங்களும் கூட வருவதில்லை. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று போட்டி அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

இன்னொரு படம். ஃபுடாலா ஏரிக்கரையில் மாலைச் சூரியனுக்கு முன்னால் பாட்டி நிற்கிறார், முகம் கறுத்துப்போயிருக்கிறது. "வெளிச்சம் மோசம்" என்பது தீர்ப்பு. அதைவிட, எடுத்தவர் எதை நினைத்து எடுத்தார் என்று முதலில் யோசிக்கவேண்டும். பாட்டியின் முகம்தான் வேண்டும் என்றால், செல்போன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுக்கச் சொல்லலாம். வானம் சற்று வெளுக்கும், முகம் தெரியும். நிழலுருவம்தான் வேண்டும் என்றால், பாட்டியைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னால் மூக்கும் கொண்டையும் தனித்துத் தெரியும். எந்தப் படத்தை எடுப்பது என்ற முடிவு எடுத்தவருடையது. அந்தப் படத்துக்கு வழி சொல்வதுதான் நம் வேலை.

இங்கேதான் அனுபவசாலிகள் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். அகல ரயில்பாதையின் கேஜ் 1676 மில்லிமீட்டர், அதில் யாருடைய ரசனைக்கும் இடமில்லை. படத்தில் அப்படி ஒரு கேஜ் கிடையாது. முக்கியமான பொருளை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கவேண்டும் என்று ஒரு விதியைப் பலரும் வேதவாக்காகச் சொல்கிறார்கள். இந்த விதிக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். அவர் 1797-ல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-ல். ஓவியத்துக்காகச் சொல்லப்பட்ட நல்ல யோசனை அது, சட்டம் அல்ல. வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை நட்டநடுவில் வைத்தால்தான் அழகு. ஏரியின் நீர்மட்டம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அது குறை, சொல்லலாம். கோலத்தின் மேல் எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தால் மறுபக்கம் போய் நிற்கச் சொல்லலாம். ஆனால் "நானாக இருந்தால் வேறு மாதிரி எடுத்திருப்பேன்" என்பது நடுவரின் படம். அதற்குப் பிள்ளையின் சீட்டில் இடம் வேண்டாம்.

இந்த யோசனைக்கு எழக்கூடிய ஆட்சேபணைகளையும் பார்த்துவிடுவோம். நேரம் எங்கே என்பார்கள். எண்பது படங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். படத்துக்கு 4 நிமிடம் என்றால் 320 நிமிடம். மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

நாங்கள் என்ன நிபுணர்களா என்பார்கள். முதல் வரிக்கு நிபுணத்துவமே வேண்டாம். கண் முதலில் மணப்பெண்ணிடம் போகாமல் பின்னால் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியிடம் போயிற்று என்று நேர்மையாகச் சொன்னாலே போதும். அடுத்த முறை அந்தப் பிள்ளை பின்னணியைப் பார்த்துவிட்டுத்தான் படம் எடுக்கும். பிரிட்டனின் கேமரா கிளப் போட்டிகளில் நடுவர் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு மதிப்பெண் தருவது வழக்கம். நம் நாட்டுக்கும் இது அந்நியமல்ல. பம்பாயில் 1854-லேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. கூடிப் படம் பார்த்துப் பேசுவதற்காகத்தானே சங்கம்?

பிள்ளைகளின் மனம் புண்படுமே என்பார்கள். நியாயமான கவலை. அதனால்தான் ஒரே ஒரு காரியம் என்றேன். ஐந்து குறைகளை அடுக்கினால் பெரியவர்களுக்கே கை ஓடாது. நல்லதை மேடையில் சொல்வோம், திருத்தத்தை உறையில் போட்டுக் கையில் கொடுப்போம். இரண்டாவது வரியில் பொய்ப் பாராட்டும் கூடாது. எல்லாரிடமும் "அருமை" என்று சொல்லும் பெரியவரைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மூன்று வரியையும் தமிழில் எழுதவேண்டும். எளிய சொற்களில், சற்றுப் பெரிய எழுத்தில் எழுதினால் நல்லது. நம் வீடுகளில் பிள்ளைகளிடம் பேசும் தமிழ் பெரும்பாலும் சாப்பிடு, தூங்கு, படி என்பதோடு முடிந்துவிடுகிறது. வெளிச்சம், நிழல், விளிம்பு, சாய்வு, பின்னணி, அசைவு போன்ற சொற்களுக்கு அங்கே வேலையே வருவதில்லை. தான் எடுத்த படத்தைப் பற்றி யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று அறிய எந்தப் பிள்ளைக்கும் ஆவல் வரும். படிக்கத் தெரியாத பிள்ளை அம்மாவிடமோ தாத்தாவிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லும். சிலராவது எழுத்துக் கூட்டித் தாமே படித்துப் பார்ப்பார்கள். தமிழ் வகுப்புக்கு வா என்று ஆயிரம் முறை அழைப்பதைவிட இந்த மூன்று வரி அதிகம் செய்யும் என்று நான் நம்புகிறேன்.

செயற்குழுவினர் இதைப் பரிசீலித்து, அடுத்த பொங்கல் போட்டியிலேயே நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். சீட்டு எழுத மூன்று பேர் தேவை. ஒருவராக நான் வரத் தயார். இன்னும் இரண்டு அன்பர்கள் முன்வந்து சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும்.