எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்!

சினிமாவுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் இசை அமைப்பவர், இன்று வீட்டிலிருந்தே முரசு முழங்கச் செய்யலாம். கலைஞர்கள் அடித்த ஒலிகளைப் பதிவு செய்து, தொகுப்பாக விற்கிறார்கள். கட்டையைத் தட்டினால் போதும், முரசு முழங்கும்!

1980-ல் அமெரிக்காவில் ரோஜர் லின் செய்த இத்தகைய கருவியில் 12 ஒலிகளே இருந்தன. இன்றோ, "ஆயிரக்கணக்கான ஒலிகள்" என்று விளம்பரம் செய்கிறார்கள்.

பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோரே, அந்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரே முரசை மெல்லவும் ஓங்கியும், பலமுறை அடித்துப் பதிந்திருக்கிறார்களா? அதைக் கேளுங்கள்.

மனிதன் கை இரண்டு முறை ஒரே மாதிரி அடிக்காது. ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால், இயந்திரத் துப்பாக்கி சுடுவது போல் இருக்கும். விளையாட்டிலோ அதே இசை மணிக்கணக்கில் ஓடும். காது சலித்துவிடும்!

முரசு பத்து போதும். அடி நூறு விதமாக இருக்கட்டும்!